எக்ஸ்மஸ்: அந்த முதல் எழுத்து யாருடையது?

டிசம்பர் பிறந்துவிட்டால் மலேசியாவின் பினாங்கில் ஒரே பண்டிகையின் பெயர் இரண்டு விதமாகக் கண்ணில் படும். ஜார்ஜ்டவுன் ஆலயங்களின் வாசலில் கட்டும் பதாகைகளில் ‘கிறிஸ்துமஸ்’ என்று முழுதாக இருக்கும். கர்னி டிரைவ் பக்கத்துப் பேரங்காடிகளிலும் கேக் கடைகளிலும் தள்ளுபடி அறிவிப்புகளிலும் அது ‘எக்ஸ்மஸ்’ ஆகியிருக்கும். கூடவே புலனம் எனப்படும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும்: ‘எக்ஸ்மஸ் என்று எழுதாதீர்கள், அது கிறிஸ்துவின் பெயரை அடித்துவிடுவதற்குச் சமம்.’ அதன் கீழே யாராவது ஒருவர், ‘அது கிரேக்க எழுத்து, தப்பே இல்லை’ என்று பதில் போடுவார். கொஞ்ச நேரத்தில் குழு இரண்டாகிவிடும்.

இந்த வாக்குவாதத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அந்தச் சுருக்கம் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. இன்று அதைப் படிப்பவர் மனத்தில் என்ன தோன்றுகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வரலாற்றில் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு வரலாறு மட்டும் போதாது. நான் பினாங்கில் வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கன். இந்த இரண்டையும் பிரித்து வைத்தாலே பாதி மனக்கசப்பு தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

எழுத்து வந்த வழி

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட மொழி கிரேக்கம். எபிரேயத்தில் ‘மெசியா’ என்றால் எண்ணெய் பூசித் திருநிலைப்படுத்தப்பட்டவர். அதையே கிரேக்கத்தில் ‘கிறிஸ்தோஸ்’ என்றார்கள். அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குக் ‘கீ’ என்று பெயர். பார்வைக்கு அது கணக்கில் வரும் பெருக்கல் குறி மாதிரி, இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் உருவம். ஆங்கில எக்ஸுக்கும் அதே உருவம்தான், ஒலி மட்டும் வேறு. ஆக, ‘எக்ஸ்மஸ்’ என்பதன் தொடக்கத்தில் நிற்பது எக்ஸ் போலத் தெரியும் கிரேக்கக் கீ, கிறிஸ்துவின் முதலெழுத்து. பின்னால் வரும் ‘மஸ்’, ஆங்கிலத்தில் திருப்பலி வழிபாட்டைக் குறிக்கும் ‘மாஸ்’.

பெயரை ஓர் எழுத்தாகக் குறைப்பது சோம்பேறித்தனம் என்று நமக்குத் தோன்றலாம். ஆதித் திருச்சபையில் நடந்தது அதற்கு நேர்மாறானது. கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கிரேக்க விவிலியப் பாப்பிரஸ் ஏடுகள் பல இன்றும் இருக்கின்றன. அவற்றில் ‘கடவுள்’, ‘ஆண்டவர்’, ‘இயேசு’, ‘கிறிஸ்து’ போன்ற சொற்கள் வரும் இடங்களில் எழுத்தர்கள் முழுச் சொல்லை எழுதவில்லை. பெரும்பாலும் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் எழுதி, அவற்றின் மேலே ஒரு கோடு இழுத்தார்கள். இடத்தை மிச்சம் பிடிப்பது நோக்கமாக இருந்திருந்தால் நீளமான மற்ற சொற்களையும் அப்படியே சுருக்கியிருக்க வேண்டும். அவை முழுதாகவே இருக்கின்றன. கிரேக்கத்தில் ‘கடவுள்’ என்பதே நான்கு எழுத்துச் சொல்தான். அதைப் போய்ச் சுருக்கி என்ன மிச்சமாகும்? புனிதமாகக் கருதிய சில சொற்களுக்கு மட்டுமே இந்த வழக்கம் இருந்தது. மேலே உள்ள கோடு, படிப்பவரைச் சற்று நிறுத்தி, இது மற்ற சொற்களைப் போன்றதில்லை என்று காட்டியது. யூதர்கள் கடவுளின் திருப்பெயரைத் தனி மரியாதையோடு எழுதிய பழக்கத்தின் சாயல் இதில் உண்டு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 4ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, இப்போது பெரும்பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் சினாய் விவிலியக் கையெழுத்துப் படியிலும் இதே முறைதான்.

இந்த எழுத்தின் உருவத்திலேயே சிலுவையைக் கண்டவர்களும் இருந்தார்கள். 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்டின் மறைசாட்சி, உலகத்தின் அமைப்பைக் கீ எழுத்தின் வடிவத்தோடு சேர்த்துப் பேசிய பிளேட்டோவை எடுத்துக்கொண்டு, அது சிலுவையின் அடையாளம் என்று விளக்கினார். கி.பி. 312இல் ரோம் நகருக்கு வெளியே நடந்த மில்வியன் பாலப் போரில், பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்துவின் அடையாளத்தைத் தன் படைக்குச் சின்னமாக்கியதாக அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் எழுதினார்கள். கிறிஸ்தோஸ் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளான கீயையும் ரோவையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த அந்தச் சின்னம் இன்றும் பூசை உடைகளிலும் பீடத் துணிகளிலும் தையல் வேலையாக வரும். எக்ஸ் எழுத்தின் நடுவே ஆங்கிலப் ‘பி’ குத்தி நிற்பது போல இருப்பது அதுதான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றும் சான்று அயர்லாந்தில் இருக்கிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கெல்ஸ் நூல் என்ற லத்தீன் நற்செய்திக் கையெழுத்துப் படியைப் பாதுகாக்கிறார்கள். சுமார் கி.பி. 800இல், துறவிகள் கன்றுத் தோலில் எழுதி வண்ணம் தீட்டியது. அதில் ஒரு முழுப் பக்கத்தையும் ஏறக்குறைய ஒரே எழுத்து நிறைத்துக்கொண்டு நிற்கிறது. வளைவும் சுழியும் பின்னலுமாக, பூனையும் எலியும் பூச்சியும்கூட உள்ளே ஒளிந்திருக்க, பக்கம் முழுக்க விரிந்த அந்த எழுத்து இதே கீதான். அது எந்த வசனத்தின் தொடக்கம் தெரியுமா? மத்தேயு நற்செய்தி முதல் அதிகாரம் 18ஆம் வசனம். இயேசு கிறிஸ்துவின் பிறப்பைச் சொல்லத் தொடங்கும் இடம். கிறிஸ்து பிறப்புக் கதையின் வாசலில், அவருடைய பெயரைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்துக்கே ஒரு பக்கத்தைக் காணிக்கையாக்கிய துறவிகளைப் பார்த்து, கிறிஸ்துவை வெட்டி எறிந்தீர்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். வீட்டில் பாடுபட்ட சுரூபம், அதாவது இயேசு அறையுண்ட சிலுவை உருவம், இருந்தால் உச்சியில் உள்ள சிறு பலகையைப் பாருங்கள். ‘ஐ.என்.ஆர்.ஐ.’ என்று நான்கு எழுத்துகள் இருக்கும். ‘நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசன்’ என்று ரோமானிய ஆளுநர் பிலாத்து எழுதி வைத்த வாசகத்தின் லத்தீன் சுருக்கம் அது. நற்கருணை அப்பத்திலும் பீடத்தின் முகப்பிலும் ‘ஐ.எச்.எஸ்.’ என்று பார்த்திருப்பீர்கள். இயேசு என்பதன் கிரேக்க வடிவத்தில் முதல் மூன்று எழுத்துகள் அவை. அந்த ‘எச்’ ஆங்கில எச் இல்லை, ‘ஏ’ ஒலி தரும் கிரேக்க ‘ஈட்டா’. இயேசு சபையின் சின்னத்திலும் இதே மூன்று எழுத்துகள்தான் இருக்கின்றன. இவற்றை யாரும் குறை சொல்வதில்லை. கீயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

லத்தீனில் எழுதிய துறவிகள் கிறிஸ்துவின் பெயரைக் கிரேக்க எழுத்துகளால் சுருக்கி எழுதும் பழக்கத்தைத் தொடர்ந்தார்கள். அவர்கள் வழியாக அது இங்கிலாந்துக்கும் போனது. 11ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ சாக்சன் ஆண்டுக்குறிப்புகளிலேயே கிறிஸ்துமஸின் பெயர் எக்ஸ் உருவத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் எக்ஸில் தொடங்கும் வேறு சில வடிவங்கள் வந்தன. இன்று நாம் பார்க்கும் வடிவம் 18ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1811இல் கவிஞர் பைரன் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். பேரங்காடிகளும் தள்ளுபடி விற்பனையும் வருவதற்கு வெகு காலம் முன்பே இது நடந்துவிட்டது.

பிறகு ஏன் உறுத்துகிறது?

சரி, வரலாறு இவ்வளவு தெளிவாக இருந்தால் விவாதம் முடிந்திருக்க வேண்டுமே? முடியவில்லை. அதற்கும் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ‘கிரேக்கம் தெரியாதவர்கள் சத்தம் போடுகிறார்கள்’ என்று ஒதுக்குவது சரியில்லை.

கெல்ஸ் துறவிகளுக்குக் கீ என்றால் கிறிஸ்து. நமக்கு எக்ஸ் என்றால் என்ன? பள்ளியில் விடை தப்பானால் ஆசிரியர் சிவப்பு மையில் போடும் குறி. கணக்கில் தெரியாத எண். எக்ஸை அப்படிப் பயன்படுத்தும் வழக்கத்தைப் பரப்பியது பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் 1637இல் வெளியிட்ட வடிவியல் நூல். 1951இல் பிரிட்டனில் பெரியவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய படங்களுக்கு எக்ஸ் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்கள். ‘வேண்டாம்’, ‘தெரியாது’, ‘மறைக்க வேண்டியது’ என்ற பொருள்கள் எல்லாம் அந்த எழுத்தின்மேல் படிந்துவிட்டன. நம் நாட்டு வாக்குச்சீட்டில் மட்டும் நமக்கு வேண்டிய வேட்பாளருக்கு நேராக எக்ஸ் போடுகிறோம்! இவற்றில் பலவும் கிறிஸ்தவர்கள் கீ எழுதத் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்புறம் வந்தவை. ஆனால் இன்று படிப்பவர் இன்றைய கண்ணால்தான் படிப்பார். கிறிஸ்து இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸைப் பார்க்கும் பாட்டிக்கு அது அடித்தல் குறியாகப் பட்டால், அவர் மனம் வருந்துவது பொய்யான வருத்தம் இல்லை.

விளம்பரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆலயத்துக்குள் இருந்த சுருக்கம் பின்னாளில் கடைப் பலகைக்கு வந்தது. பிறந்த குழந்தை எங்கேயும் இல்லாத, பனியும் பரிசுப் பொட்டலமும் மட்டுமே உள்ள ஓர் அலங்காரத்தின் உச்சியில் ‘எக்ஸ்மஸ்’ என்று எழுதியிருந்தால், பெயரும் காணோம் ஆளும் காணோம் என்று தோன்றுவது இயல்பு. கோபத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பண்டிகை வியாபாரமாகிவிட்டதே என்ற வலி, கைக்கு எட்டிய ஓர் எழுத்தின்மேல் இறங்குகிறது.

கிறிஸ்தவத் தலைவர்களிடமும் ஒத்த கருத்து இல்லை. அமெரிக்கச் சுவிசேஷகர் பிராங்க்ளின் கிரகாம் 2005இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், கிறிஸ்துமஸிலிருந்து கிறிஸ்துவை எடுத்துவிடுகிறார்கள், இது இயேசுவின் பெயருக்கு எதிரான போர் என்ற பொருளில் பேசினார். அதே நாட்டு இறையியலாளர் ஆர்.சி. ஸ்ப்ரோல், அந்த எக்ஸ் கிரேக்க எழுத்து, அதில் அவமரியாதை எதுவும் இல்லை என்று விளக்கினார். இருவரும் பக்தியுள்ள புராட்டஸ்டண்டுகள். மதத்தோடு சம்பந்தமில்லாமல், நடை காரணமாக இந்தச் சுருக்கத்தைத் தவிர்க்கச் சொல்பவர்களும் உண்டு. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு இப்படிச் சுருக்கவே கூடாது என்கிறது. முறையான எழுத்துக்கு முழுப் பெயர்தான் பொருத்தம் என்பது அவர்கள் கணக்கு.

முதல் பாதிக்காக இன்று சண்டை போடுகிறோம். ஒரு காலத்தில் பின்பாதிக்கும் சண்டை நடந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற தீவிரப் புராட்டஸ்டண்டுகளுக்கு ‘மாஸ்’ என்ற சொல்லே பிடிக்கவில்லை, அது கத்தோலிக்கம் என்று. சிலர் ‘கிறிஸ்து காலம்’ என்ற பொருளில் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். 1647இல் அவர்கள் செல்வாக்கில் இருந்த நாடாளுமன்றம் பண்டிகையையே ஒழித்து ஆணை போட்டது.

எழுத்தில் குறுகலாம், வாயில்?

எனக்கு வலுவாகப் படும் ஆட்சேபம் வேறொன்று. அதை இந்த விவாதங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. பழைய எழுத்தர் கீ என்று எழுதினார், ஆனால் வாசித்தவர் ‘கிறிஸ்து’ என்றே வாசித்தார். ஏட்டில்தான் சுருக்கம், சபை கேட்டது முழுப் பெயரை. நாமோ ‘எக்ஸ்மஸ்’ என்று எழுதுவதோடு நிற்காமல், அப்படியே உச்சரிக்கவும் செய்கிறோம். எழுத்தில் மறைந்திருந்த பெயர் இப்போது காதிலிருந்தும் போய்விடுகிறது. அந்த வகையில், ‘பெயர் காணாமல் போகிறது’ என்று சொல்பவர்கள் பாதி சரி.

தமிழர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புரியும். பழைய கடிதங்களிலும் பஞ்சாங்கத்திலும் ௵ என்று போட்டிருந்தால் அதை ‘வருடம்’ என்று வாசிப்போம், ௴ என்றால் ‘மாதம்’ என்போம். குறியின் உருவத்தை யாரும் உச்சரிப்பதில்லை. கீயும் தொடக்கத்தில் அப்படிப்பட்ட குறிதான்.

அது போகட்டும், மேலே நான் ‘கி.பி. 312’ என்று எழுதியிருந்தேனே, உங்களுக்கு ஏதாவது உறுத்தியதா? கிறிஸ்துவுக்குப் பின் என்பதைத்தான் அப்படிக் குறுக்கினேன். கிறிஸ்துவின் பெயரை ஒரே எழுத்தாக, அதுவும் ஒரு புள்ளி வைத்து, பள்ளிப் பாடநூலிலிருந்து செய்தித்தாள் வரை காலங்காலமாக எழுதிவருகிறோம். எந்தத் தமிழ்க் கிறிஸ்தவரும் அதைப் பார்த்து வருந்தி நான் கேட்டதில்லை. ‘கி’ நம் எழுத்து, அதற்குள் கிறிஸ்து இருப்பது நமக்குத் தெரிகிறது. எக்ஸுக்குள் இருப்பது நமக்குத் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

புனிதப் பெயரைச் சுருக்கலாமா என்ற கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. பினாங்கில் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை வழியே நடந்தால் பள்ளிவாசலும், குவான் யின் கோயிலும், பக்கத்துத் தெருவில் மகா மாரியம்மன் கோயிலும், அந்தப் பக்கம் 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் ஆங்கிலிக்கன் ஆலயமும் அடுத்தடுத்து வந்துவிடும். அங்குள்ள தமிழ் முஸ்லிம் அன்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். நபிகள் நாயகத்தின் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ‘ஸல்’ என்று எழுதுவார்கள். வாசிக்கும்போது ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்று முழுதாகச் சொல்வார்கள். எழுத்திலும் அதைச் சுருக்கக் கூடாது என்று கருதும் மார்க்க அறிஞர்களும் உண்டு. அங்கேயும் நம்பிக்கையுள்ளவர்களிடையேதான் இந்தக் கருத்து வேறுபாடு.

இன்னொன்றையும் யோசிக்கலாம். பினாங்கு ஆலயங்களில் தமிழ், மலாய், ஆங்கிலம், மாண்டரின் என்று பல மொழிகளில் வாழ்த்து எழுதுவது வழக்கம். மாண்டரினில் இந்தப் பண்டிகை ‘ஷெங்தான்’, அதாவது புனிதப் பிறப்பு. இந்தோனேசியாவில் ‘நத்தால்’, இலங்கைத் தமிழில் ‘நத்தார்’. இரண்டுமே பிறப்பு என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. இந்தப் பெயர்களில் கிறிஸ்து என்ற சொல்லே கிடையாது. அதனால் அந்த மொழி பேசும் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவை மறந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நம் ஊர்ப் பழக்கம்

மலேசியாவில் பண்டிகைப் பெயர்களைச் சுருக்குவது அன்றாட வழக்கம். சீனப் பெருநாளை ‘சி.என்.ஒய்.’ என்போம், ஹரி ராயாவை வெறும் ‘ராயா’ என்போம். யாரையும் சிறுமைப்படுத்த அப்படிச் சொல்வதில்லை. அடிக்கடி புழங்குவதால், நெருக்கத்தால் சொல்கிறோம். பக்கத்து வீட்டுச் சீன அக்காவோ மலாய் நண்பரோ ‘எக்ஸ்மஸ்’ என்று வாழ்த்து அனுப்பினால் அதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வாழ்த்து அனுப்பியவருக்கு முதலில் நன்றி சொல்லாமல் எழுத்துத் திருத்தம் சொல்வது மரியாதை ஆகாது.

நம் ஊர்ப் பலகைகளில் எக்ஸுக்கும் மஸுக்கும் நடுவே மேலே ஒரு சிறு கொம்பு போட்டிருப்பார்கள். சில எழுத்துகளை விட்டுவிட்டோம் என்பதற்கான ஆங்கிலக் குறி அது. எக்ஸே முழுப் பெயருக்கும் பதிலாக நிற்பதால் அது தேவையில்லை என்பது ஆங்கில அகராதிகளின் இன்றைய வழக்கு. போட்டுவிட்டாலும் குடி முழுகிவிடாது. 16ஆம் நூற்றாண்டு வடிவங்களிலேயே அந்தக் கொம்பு இருந்திருக்கிறது.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். வாழ்த்து அட்டை, ஆலய அறிவிப்பு, திறந்த இல்ல உபசரிப்பு அழைப்பிதழ் ஆகியவற்றில் ‘கிறிஸ்துமஸ்’ என்று முழுதாகவே எழுதுவேன். வருத்தப்படக்கூடிய ஒருவராவது அதைப் படிப்பார், முழுதாக எழுதினால் யாருக்கும் நட்டம் இல்லை. கேரல் குழு போகும் வீடுகளின் பட்டியலிலோ நாள்காட்டியின் சின்னக் கட்டத்திலோ எக்ஸ் போட்டுக்கொள்வேன். படிக்கும்போது ‘கிறிஸ்துமஸ்’ என்றே சொல்வேன். தமிழில் எழுதும்போது ‘எக்ஸ்மஸ்’ எனக்குத் தேவைப்படுவதே இல்லை. தமிழ் எழுத்தில் அது சுருக்கமும் இல்லை, அதற்குள் கீயும் இல்லை. வெறும் ஒலியைத்தான் எழுதி வைக்கிறோம்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் ஒன்று செய்யலாம். பெரிய தாளில் கீயை வரைந்து, அதன் நடுவே ரோவை வரையச் சொல்லுங்கள். அப்புறம் ஆலயத்துக்குள் அழைத்துப்போய், அதே சின்னம் பீடத் துணியிலோ பூசை உடையிலோ கண்ணாடிச் சன்னலிலோ எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.

புலனத்தில் அந்தச் செய்தி வந்தால், ‘தப்பு’ என்று எழுதிப் பெரியவர்களை வாயடைக்க வேண்டாம். அந்த எழுத்து கிறிஸ்துவின் முதலெழுத்து, ஆதித் திருச்சபையே எழுதியது என்று இரண்டு வரி சொல்லுங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் முழுதாகவே எழுதுங்கள், அதுவும் சரிதான் என்று மூன்றாவது வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.